தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில்

போல்ட்டு மூன்று சுற்று சுலபமாக உள்ளே போனது. நாலாவது சுற்றில், யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது.

லேத்தக்கா அதைக் கழற்றித் துணியில் துடைத்தாள். ஓட்டைக்குள் ஊதினாள். எண்ணெய் தொட்டு மறுபடியும் விட்டாள். மூன்று சுற்று. நின்றது.

"ஓட்டைக்கு மரை கழண்டுடுச்சு," என்றான் அவளுடைய தம்பி, எந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே.

"ஓட்டைக்கா, உனக்கா?" என்றார் அவளுடைய கணவர்.

"எனக்குக் கழண்டு ரொம்ப நாளாச்சு மாமா. இல்லன்னா உங்க பேச்சக் கேட்டு இந்த இரும்புக்கு ஆபரேட்டரா வந்து நிப்பேனா?"

அவர்தான் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். அதற்கு முன்பு பள்ளிக்கூட வாத்தியார். 'இந்த இரும்பு' என்றது சங்கம் வாங்கியிருந்த எண்ணெய் பிழியும் எந்திரத்தை. துறைமுகத்தில் மூடிப்போன ஒரு சோப்புக் கம்பெனியின் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த எந்திரம். அதன் தலையையும் அடிப்பாகத்தையும் பிடித்து வைக்கும் நாலு பெரிய போல்ட்டுகளை மட்டும், கிடந்த காலத்தில் எவனோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். வந்து சேர்ந்தது எந்திரமும் நாலு ஓட்டைகளும்.

எந்திரத்துக்குப் பின்னால் கிடங்கு முழுக்க விதை மூட்டைகள். அந்தப் பக்கத்தில் விளைகிற எண்ணெய் விதை முழுவதும் வருஷா வருஷம் அப்படியே துறைமுகத்துக்குப் போகும், கப்பல் ஏறும், எங்கேயோ பிழிபடும், தகர டின்னில் எண்ணெயாகத் திரும்பி வரும். விதையை விற்றவர்களே வரிசையில் நின்று அந்த டின்னை வாங்குவார்கள். இந்த வருஷம் அப்படி வேண்டாம், நாமே பிழிவோம் என்று சங்கம் முடிவு செய்தது. ஆனால் காலம் தப்பிப் பெய்த மழையில் விதை ஈரம் பட்டுவிட்டது. ஈர விதை சும்மா இருக்காது. மூட்டைக்குள் தனக்குத்தானே சூடேறும். சூடேறினால் எண்ணெய் கெட்ட வாடை அடிக்கும். செயலாளர் அரைமணிக்கொரு தரம் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஜுரக்காரன் நெற்றியைத் தொட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

காலையில் சங்கத்து ஆட்கள் கூடிப் பேசி ஒரு கெடு வைத்தார்கள். நாளைச் சாயங்காலத்துக்குள் எந்திரம் ஓடினால் பிழிவது. இல்லையென்றால் வருஷா வருஷம் விதை வாங்குகிற தரகருடைய லாரியில் ஏற்றுவது, அவர் சொல்கிற விலைக்கு.

எந்திரம் செய்த கம்பெனி இன்னமும் இருக்கிறது. போல்ட்டும் விற்கிறது. கேட்டுப் பார்த்தாயிற்று. கப்பலில்தான் வரும், வருவதற்குள் விதை உரமாகிவிடும்.

அதனால் எல்லாம் லேத்தக்காவின் தலையில் வந்து நின்றது. அவள் ரயில்வே பட்டறையில், இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற லேத்தில் வேலை பார்த்தவள். பட்டறையை மூடியபோது தன்னுடைய லேத்தையே ஏலத்தில் எடுத்து, கிடங்கை ஒட்டிய தகரக் கொட்டகையில் போட்டுக்கொண்டாள். லேத்துக்கு வந்த மரியாதைதான் அவளுக்கும். ஊரில் பெரியவர்கள்கூட அவளை லேத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெட்டுவதும் கடைவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு போல்ட்டு அவள் கையில் இப்படி அடம்பிடித்ததில்லை.

"இது எத்தன?" என்று கேட்டார் கணவர், அவள் கையிலிருந்த போல்ட்டைக் காட்டி.

"பத்து."

"காலைல போட்டது?"

"ஒம்போது. அதுவும் மூணு சுத்துதான்."

ஒன்பது, பத்து என்று அவள் சொன்னது மரையின் நெருக்கத்தை. போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற மேடுதான் மரை. பக்கவாட்டில் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி தெரியும். ஒரு அங்குல நீளத்தில் எத்தனை மேடு என்பதுதான் கணக்கு. ஓட்டையின் உள்சுவரிலும் அதே மாதிரி மரை இருக்கும். இரண்டின் நெருக்கமும் ஒன்றாக இருந்தால் போல்ட்டு கடைசிவரை போகும். கொஞ்சம் மாறினாலும், முதல் சுற்றில் ஒரு மயிரிழை தள்ளும், இரண்டாவதில் இரண்டு மயிரிழை, நாலாவதில் மேடும் மேடும் முட்டிக்கொண்டு இறுகிவிடும்.

லேத்தில் மரை வெட்டுவது இப்படி: இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்க, வெட்டும் உளி பக்கவாட்டில் மெல்ல நகரும். உளி வேகமாக நகர்ந்தால் மரை அகலமாக விழும், மெதுவாக நகர்ந்தால் நெருக்கமாக விழும். நகரும் வேகத்தை முடிவு செய்வது லேத்தின் இடது ஓரத்தில் பூட்டுகிற இரண்டு பல்சக்கரங்கள். சின்னது எப்போதும் நாற்பது பல். பெரியதை மாற்றி மாற்றிப் போட வேண்டும். எந்த மரைக்கு எந்தச் சக்கரம் என்று லேத்தின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. எட்டு, எட்டரை, ஒன்பது, பத்து, பத்தரை, பதினொன்று என்று மேலிருந்து கீழாக. அந்தத் தகட்டில் இருப்பதுதான் உலகத்தில் உள்ள மரை. பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் வேலை பார்த்தார்கள்.

"பேசாம ஓட்டையப் பெருசாக்கிடுவோம்க்கா," என்றான் தம்பி. "நம்ம அளவுக்குப் புது மரை போட்டுக்கலாம்."

"சுவரு எவ்வளவு இருக்குன்னு பாத்தியா? வார்ப்பு இரும்பு. துளைச்சா பிஸ்கட்டு மாதிரி விரிசல் விடும்."

"அப்போ அந்தப் பக்கம் வரைக்கும் துளைச்சு நட்டு போடு."

"அந்தப் பக்கம் எண்ணெய்த் தொட்டிடா. போல்ட்டையும் சேத்து வறுத்துத் தின்னப் போறியா?"

அவளால் உட்கார முடியவில்லை. லேத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவில் நடந்தாள். இரண்டு போல்ட்டுகளையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பது போட்டதில் மேடுகளின் ஒரு பக்கம் தேய்ந்து மினுங்கியது. பத்து போட்டதில் அதற்கு எதிர்ப்பக்கம் மினுங்கியது. ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. போல்ட்டுகளை மேசையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

தரகர் வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம். ஊரில் கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்பவர். அவருடைய அப்பாவும் இதே ஊரில் விதை வாங்கினவர். செயலாளர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் ஒரு மூட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எத்தன லாரி சொல்லணும்னு தெரியணுமில்ல," என்றார் தரகர்.

"கெடு நாளைக்குத்தான் அண்ணே," என்றான் தம்பி அடியிலிருந்து. "பொணம் விழறதுக்கு முந்தியே பாடைக்கு அளவெடுக்க வந்துட்டீங்களே."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்று சிரித்தார் அவர். "நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்கறேன்."

அவர் மூட்டைகளுக்குள் நடந்து எண்ண ஆரம்பித்தார். மூட்டைகள் ஐந்தைந்தாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போனார். அஞ்சு, பத்து, பதினஞ்சு.

லேத்தக்கா அந்த நேரம் பல்சக்கரங்களைத் துடைத்து ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கை ஓயாமல் இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்பதால்தான். சக்கரம் ஒவ்வொன்றையும் அதன் ஆணியில் மாட்டும்போது பெயரைச் சொல்லி மாட்டுவது பட்டறை வழக்கம். இருபது, இருபத்தஞ்சு, முப்பது என்று சாயங்காலம் மொத்தப் பட்டறையும் ராகம் போட்டுச் சொல்லும். ஒரு சக்கரம் குறைந்தால் ராகம் இடறும். கிடைக்கிறவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எதுவும் தொலையக் கூடாது என்பதற்காக வந்த பாட்டு அது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் உளி பிடிப்பதற்கு முன்பு அதைத்தான் படித்தார்கள். அவளும் அப்படித்தான் படித்தாள்.

உள்ளே தரகரின் குரலும் இங்கே அவள் உதடுகளும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"எண்பது. எண்பத்தஞ்சு. தொண்ணூறு. தொண்ணூத்தஞ்சு..."

அவள் கையில் நூறு பல் சக்கரம் இருந்தது. ராகம் இடறியது.

"அண்ணே, தப்பா எண்ணுறீங்க," என்றாள் சத்தமாக.

தரகர் திரும்பினார். "என்ன தப்பு?"

"நடுவுல ஒண்ண சேத்துட்டீங்க. தொண்ணூறுக்கு அப்புறம் நூறு."

தம்பி எந்திரத்துக்கு அடியிலேயே சிரிக்க ஆரம்பித்தான். அவனுடைய சிரிப்பில் இரும்பு அதிர்ந்தது.

"தங்கச்சி," என்றார் தரகர் பொறுமையாக, "தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, நூறு. நான் கூட்டிச் சொன்னா எனக்குத்தானே நஷ்டம்?"

"ராத்திரி சரியாத் தூங்கல," என்றார் கணவர், அவளுக்குப் பரிந்துகொண்டு.

அவள் எதுவும் காதில் வாங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஆணிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணிகள் லேத்தோடு வந்த பலகையிலேயே அடித்து வந்தவை. எண்பதுக்கு ஓர் ஆணி. எண்பத்தைந்துக்கு ஓர் ஆணி. தொண்ணூறு. அடுத்த ஆணி நூறு. நடுவில் இடமே விடவில்லை. தொலைந்துபோன சக்கரத்துக்கு ஓர் ஆணியாவது வெறுமனே இருக்கும். இது தொலைந்தது இல்லை, வரவே இல்லை.

பித்தளைத் தகட்டைத் துணியால் தேய்த்தாள். எட்டுக்கு எண்பது. எட்டரைக்கு எண்பத்தைந்து. ஒன்பதுக்குத் தொண்ணூறு. பத்துக்கு நூறு. பத்தரைக்கு நூற்றைந்து. எத்தனை வருஷம் அந்தத் தகட்டைப் பார்த்துச் சக்கரம் பூட்டியிருப்பாள். அது வெறும் பத்து மடங்கு என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. யாரும் சொல்லவில்லை, யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"ஏங்க," என்றாள் கணவரிடம், "ஒம்போதுக்கும் பத்துக்கும் நடுவுல என்ன?"

"என்ன கேள்வி இது? ஒம்போதரை."

"அப்படி ஒரு மரை இல்ல."

"எட்டரை இருக்கு, பத்தரை இருக்கு, இவன் மட்டும் எங்க போனான்?"

அவள் ஒரு தட்டைக் குச்சியை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் மெழுகை உருக்கித் தடவினாள். மெழுகு இளகியிருக்கும்போதே ஓட்டைக்குள் விட்டு உள்சுவரில் அழுத்தினாள். ஆறியதும் சுவரிலிருந்து மெல்லப் பிரித்து வெளியே எடுத்தாள். மெழுகில் சீப்புப் பல் மாதிரி வரிகள் பதிந்திருந்தன. அடிக்கோலைப் பக்கத்தில் வைத்தாள். ஓர் அங்குலத்தில் கணக்கு முழுசாக முடியவில்லை, அரை வரி தொங்கியது. இரண்டு அங்குலத்துக்கு எண்ணினாள். பத்தொன்பது.

"ஒம்போதரை," என்றாள். அந்தச் சொல்லை அவள் வாய் முதல்முறையாகச் சொல்லிப் பார்த்தது.

தம்பி வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். லேத்தின் காலில் வார்த்திருந்த நங்கூர முத்திரையைப் பார்த்தான். பிறகு பிழியும் எந்திரத்தின் தலையில் இருந்த நங்கூர முத்திரையைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே கம்பெனிக்கா."

"தெரியும். பழைய அந்நிய ஆட்சியில வந்ததெல்லாம் இந்தக் கம்பெனி சரக்குதான். ரயில்வே பட்டறைல மொத்த லேத்தும் நங்கூரம். எல்லாத்துலயும் இதே பாட்டு."

"அப்போ அவங்களே மெஷினுக்கு ஒம்போதரைன்னு ஒரு மரை வச்சு வித்துட்டு, அந்த ஒம்போதரைய வெட்டற சக்கரத்த மட்டும் லேத்தோட அனுப்பாம விட்டுட்டானுங்க."

"வேற சக்கரங்கள ரெண்டு மூணா மாத்திக் கோத்தா வராதா?" என்று கேட்டார் கணவர். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கணக்கு வரும். கொஞ்ச நேரத்தில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பத்தொன்பது வேணும். பத்தொன்பது எதுக்கும் வகுபடாது. இருக்கற சக்கரம் எல்லாத்தையும் வகுத்துப் பாத்துட்டேன், ஒண்ணுத்துலயும் பத்தொன்பது ஒளிஞ்சிருக்கல. அது இருக்கறது தொண்ணூத்தஞ்சுல மட்டும்தான். சரியா அந்த ஒண்ண உருவியிருக்கான். நல்லாக் கணக்குத் தெரிஞ்சவன்."

தரகர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கையை எங்கே விட்டார் என்பது மறந்துபோயிருந்தது.

"இந்த ஊர்ல முன்னாடியே ரெண்டு மெஷின் இருந்துச்சு," என்றார். "எங்க அப்பா சொல்லுவாரு. நல்லா ஓடும். ஒரு நாள் போல்ட்டு உடையும். கப்பல்ல எழுதிப் போடுவாங்க. போல்ட்டு வர்றதுக்குள்ள விதை சூடாகும். அப்பா வந்து மூட்டைய எண்ணுவாரு. ரெண்டு வருஷம் இப்படி ஆனா மெஷின யாரு வச்சுக்குவா? வித்துட்டாங்க. விதைய விக்கறதே பழகிப் போச்சு. இந்த ஊருக்கு மெஷின் ராசியில்லன்னு பேரு. நானும் அதத்தான் சொல்லிட்டுத் திரியறேன்."

"நானும்தான் சொன்னேன்," என்றார் செயலாளர். "அந்த ஆட்சிக்காரங்க எழுதி வச்ச பாடப் புத்தகத்துல ஒரு வரி வரும். இப்பகுதி மக்கள் எந்திரத் தொழிலில் நாட்டமற்றவர்கள், ஆகையால் ஏழைகள். பரீட்சைல ரெண்டு மார்க்கு. நாட்டமில்லாம இல்ல, ஒரு சக்கரம் இல்ல."

"பேசிட்டே இருங்க," என்றாள் லேத்தக்கா. "விதை கேட்டுட்டு இருக்கும்."

இப்போது அவள் நடை மாறியிருந்தது. தெரியாததைத் தேடி அலைகிற நடை இல்லை. ஆனால் அமைதியும் இல்லை. தொண்ணூற்றைந்து பல்லைச் சம இடைவெளியில் ஒரு வட்டத்தில் வெட்ட வேண்டும். இருக்கிற சக்கரத்தை அச்சாக வைத்து வட்டத்தை நூறாகப் பிரிக்கலாம், தொண்ணூறாகப் பிரிக்கலாம். தொண்ணூற்றைந்தாகப் பிரிக்க அவளிடம் கருவி இல்லை. கண் மதிப்பில் வெட்டினால் ஒரு பல் பெருத்து ஒரு பல் சிறுத்து, மரை அலையலையாக விழும். நூறு பல் சக்கரத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த கிரீஸ் அதன் பற்களில் ஒட்டியிருந்தது. கை நழுவிய சக்கரம் மேசையில் கிடந்த சிமெண்ட்டுப் பைக் காகிதத்தின் மேல் ஒரு முழுச் சுற்று உருண்டது. சக்கரம் உருண்ட வழியில் காகிதத்தில் பல் பல்லாகக் கறுப்புக் கோடுகள் விழுந்தன. ஒரே இடைவெளியில்.

அவள் குனிந்து பார்த்தாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், இந்தக் காகிதத்துல நூறு பல்லும் இருக்கு. அஞ்ச வெட்டிப் போட்டு, மிச்சத்த வளையமா ஒட்டினா?"

தம்பி கத்தரியைத் தேடி ஓடினான்.

அன்று சாயங்காலமும் மறுநாள் மதியம் வரையும் கிடங்கில் அரத்தின் சத்தம்தான். முற்றிய கட்டையில் வட்டம் கடைந்து, காகித வளையம் தளராமல் இறுகாமல் உட்காரும் வரை சீவி, ஒட்டி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் பள்ளம் ராவினார்கள். அக்கா கை வலித்தால் தம்பி, தம்பிக்கு வலித்தால் அக்கா. செயலாளரும் ஒரு முறை அரத்தை வாங்கினார்.

"மாமா, அது சாக்பீஸ் இல்ல, தேச்சா எழுத்து வராது. பக்கத்துப் பல்லையும் பிடுங்கிடாதீங்க," என்றான் தம்பி.

"உங்கக்காவக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் பல்லுதான் ஆடுது," என்றார் அவர். ஆனாலும் ஒரு பல்லை ராவி முடித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கட்டைச் சக்கரம் மோட்டாரின் வேகத்தைத் தாங்காது. அதனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தம்பி லேத்தைக் கையாலேயே சுற்றினான். உளி மெல்ல மெல்ல நகர்ந்தது. முதல் போல்ட்டு முடிந்ததும் லேத்தக்கா அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே கொண்டுபோய் ஓட்டையில் வைத்துத் திருகினாள்.

மூன்று சுற்று போனது. அவள் கை தானாகவே நின்றது, பழக்க தோஷம். பிறகு மறுபடியும் திருகினாள். நாலு. ஐந்து. போல்ட்டு கையை விட்டு ஓடுகிற மாதிரி உள்ளே போய்த் தலை தட்டி நின்றது.

செயலாளர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடுதான். ஆனால் கையை வைத்திருக்க முடிந்தது. வெளியே தரகரின் லாரி ஒன்று இஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. தரகர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து போல்ட்டின் தலையைத் தொட்டார். லாரிக்காரனைப் பார்த்து அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இன்னும் மூணு இருக்கு அண்ணே," என்றாள் அவள், லேத்துக்குத் திரும்பிக்கொண்டே. "மூணும் முடிஞ்சாத்தான் ஓடும். நிக்காதீங்க, உக்காருங்க."

"என் வீட்டுக் கொல்லைல ஒரு தண்ணி பம்பு துருப்பிடிச்சுக் கிடக்கு," என்றார் தரகர். "நங்கூரம் போட்டது. போல்ட்டு இல்லன்னு அப்பா காலத்துலயே போட்டுட்டாங்க. அதுக்கும் ரெண்டு போடுவியா தங்கச்சி?"

"வரிசைல வாங்க," என்றான் தம்பி, லேத்தைச் சுற்றிக்கொண்டே.

நாலாவது போல்ட்டும் உட்கார்ந்து எந்திரம் முதல் மூட்டையை விழுங்க ஆரம்பித்தபோது வெயில் இறங்கியிருந்தது. தம்பி எந்திரத்தை ஓட்டப் போய்விட்டான். லேத்தக்கா பலகையில் தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில் இடம் போதாமல், கொஞ்சம் மேலே தள்ளி ஓர் ஆணி அடித்துக் கட்டைச் சக்கரத்தை மாட்டினாள். பிறகு எழுத்துளியை எடுத்து, பித்தளைத் தகட்டில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இருந்த மெல்லிய இடத்தில் ஆரம்பித்து, தகட்டின் ஓரமெல்லாம் சுற்றிப் பொறித்தாள். கம்பெனி எழுத்தைவிட அவள் எழுத்து கோணலாகத்தான் இருந்தது.

ஒன்பதரை மரைக்கு: சின்னச் சக்கரம் நாற்பது, பெரிய சக்கரம் தொண்ணூற்றைந்து. சக்கரம் இல்லாவிட்டால், நூறு பல் சக்கரத்தைக் கிரீஸ் தடவிக் காகிதத்தில் ஒரு முழுச் சுற்று உருட்டி, அஞ்சு பல்லை வெட்டிவிட்டு, மிச்சத்தை வளையமாக ஒட்டி, அந்த வளையத்தின் அளவுக்கு வட்டம் கடைந்து, கோடுகளுக்கு நடுவில் ராவவும்.